நம்ம பழகுற விதத்தை இப்போ யார் தீர்மானிக்கிறாங்க?

கேள்வி இதுதான்: போன், சோஷியல் மீடியா எல்லாம் வந்து மனுஷங்க வாழ்ற விதமும் ஒருத்தரோட ஒருத்தர் பழகுற விதமும் நிஜமாவே மாறிடுச்சா, இல்ல ரேடியோ வந்தப்பவும் டிவி வந்தப்பவும் பெரியவங்க புலம்பின மாதிரி இதுவும் ஒரு புலம்பல் தானா?

மாறிடுச்சு. ஆனா எல்லாரும் கைகாட்டுற இடத்துல மாறல. "யாரும் யார்கிட்டயும் பேசுறதே இல்ல, எல்லாம் தலையை குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கு"ன்னு சொல்றாங்கல்ல, அவங்க குனிஞ்சுக்கிட்டு என்ன பண்றாங்கன்னு எட்டிப் பாத்தா பாதி நேரம் யார்கிட்டயோ பேசிக்கிட்டு தான் இருப்பாங்க. சாதாரண ஜனங்க இவ்ளோ எழுதி எழுதி பேசிக்கிட்ட காலம் இதுக்கு முன்னாடி இருந்ததே இல்ல. எனக்கு தெரிஞ்சு பெரிய மாற்றம் என்னன்னா, யாருக்கு பதில் சொல்லணும், எவ்ளோ நேரத்துக்குள்ள சொல்லணும், எதுக்கு கோவிச்சுக்கலாம், எதை கண்டுக்காம விடணும், இதெல்லாம் முன்னாடி வீட்ல பாத்து, நாலு பேர்கிட்ட பேச்சு வாங்கி, மெதுவா வந்த பழக்கம். இப்போ அதுல ஒரு பெரிய பங்கை, எங்கேயோ ஒரு டீம் உக்காந்து "இது டீஃபால்ட்டா (நாம எதையும் மாத்தாம விட்டா) ஆன்ல இருக்கட்டுமா, ஆஃப்ல இருக்கட்டுமா"ன்னு எடுத்த முடிவு தீர்மானிக்குது. நான் ஆப் டிசைன் பக்கம் வேலை பாக்குற ஆளு, அந்த மாதிரி மீட்டிங்ல உக்காந்திருக்கேன். அங்க மரியாதை, உறவுன்னு ஒரு வார்த்தை வராது. எத்தனை பேர் நாளைக்கு திரும்ப வந்து ஆப்பை திறப்பாங்க, அவ்ளோதான் பேச்சு.

பதில் சொல்ற விஷயத்தையே எடுத்துக்கோங்க, ஏன்னா இதுல தான் எல்லாரும் அடிபட்டிருப்போம். உலகத்தோட முதல் எஸ்எம்எஸ் போனது 1992 டிசம்பர் 3. நீல் பாப்வொர்த்னு ஒரு இளவயசு இன்ஜினியர், வோடஃபோன்ல இருந்த ரிச்சர்ட் ஜார்விஸுக்கு கம்ப்யூட்டர்ல இருந்து "மெரி கிறிஸ்துமஸ்"னு அனுப்பினார். ஜார்விஸ் பதில் அனுப்பல, அனுப்பவும் முடியாது, அவர் கையில இருந்த போன்ல மெசேஜ் டைப் பண்ற வசதியே கிடையாது. ஆக முதல் மெசேஜே பதில் வராத மெசேஜ் தான், அதுக்காக யாரும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கல.

அப்போ பதில் வரலன்னா அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்னு மனசு தானா எடுத்துக்கும். லெட்டர் போய் சேந்திருக்காது, போன் அடிச்சப்ப வீட்ல ஆள் இருந்திருக்காது, லைன் எங்கேஜா இருந்திருக்கும், சொல்ல சொன்ன ஆள் மறந்திருப்பான். இந்த "தெரியல"ங்கிறது ஒரு பெரிய வசதி. எதிராளி வேணும்னே பதில் போடலன்னு வச்சுக்கோங்க, அப்பவும் உங்களுக்கு நிச்சயமா தெரியாது, அவருக்கும் அது நல்லது உங்களுக்கும் நல்லது, அடுத்த தடவை பாக்கும்போது ரெண்டு பேரும் ஒண்ணும் நடக்காத மாதிரி சிரிச்சுக்கலாம்.

2014 நவம்பர்ல வாட்ஸ்அப் நீல டிக்கை கொண்டு வந்துச்சு. படிச்சாச்சுன்னு காட்டுற ஒரு சின்ன கலர் மாத்தம். வந்த உடனே ஏகப்பட்ட பேர் கத்தினதுல கொஞ்ச நாள்லயே அதை ஆஃப் பண்ற வழியையும் குடுத்தாங்க, ஆனா டீஃபால்ட் ஆன் தான், செட்டிங்ஸ் உள்ள போய் மாத்துறவங்க எப்பவும் கம்மி. அந்த ரெண்டு டிக் வந்ததும் "தெரியல"ங்கிற வசதி போயிடுச்சு.

ராத்திரி பத்தே முக்காலுக்கு ஃப்ரெண்டுக்கு கொஞ்சம் மனசு விட்டு ஒரு மெசேஜ் போடுறீங்க. ரெண்டு டிக். நீலமாகுது. மேல "டைப்பிங்"னு வருது. நின்னுடுது. மறுபடி வருது. மறுபடி நின்னுடுது. அப்புறம் ஒண்ணுமே இல்ல. இந்த ஒரு நிமிஷத்துல உங்களுக்கு வந்த தகவல் எவ்ளோ தெரியுமா, படிச்சான், பதில் எழுத ஆரம்பிச்சான், எழுதினதை அழிச்சான், திரும்ப எழுதினான், வேணாம்னு விட்டுட்டான். எதிர்ல உக்காந்து பேசும்போது கூட ஒருத்தன் மனசுக்குள்ள சொல்ல வந்து முழுங்கினதை நமக்கு இவ்ளோ துல்லியமா யாரும் காட்டினதில்ல. நீங்க அடுத்து லாஸ்ட் சீன் பாப்பீங்க, பதினோரு மணின்னு இருக்கும், அப்போ முழிச்சுக்கிட்டு தான் இருந்திருக்கான். எழுதினதுல எந்த வார்த்தை தப்பா போச்சுன்னு மேல போய் நீங்க எழுதினதையே நாலு தடவை படிப்பீங்க. காலைல அவன் "டேய் டைப் பண்ணிக்கிட்டே தூங்கிட்டேன்டா"ன்னு அனுப்புவான், அது உண்மையாவே இருக்கும், ஆனா அதுக்குள்ள நீங்க ஒரு முழு சண்டையை மனசுக்குள்ளயே போட்டு முடிச்சிருப்பீங்க.

இதுக்கு ஜனங்க கண்டுபிடிச்ச எதிர் வித்தையும் பாருங்க. நோட்டிஃபிகேஷன்லயே படிச்சுட்டு உள்ள திறக்காம விடுறது, ஏரோப்ளேன் மோட் போட்டு திறந்து படிக்கிறது, திறந்துட்டா உடனே பதில் போடணுமேன்னு அந்த சாட்டையே ரெண்டு நாள் தொடாம இருக்கிறது. "ஸாரி இப்பதான் பாத்தேன்"ங்கிறது இன்னிக்கு உலகத்துல அதிகமா சொல்லப்படுற பொய்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, சொல்றவருக்கும் தெரியும் கேக்குறவருக்கும் தெரியும், இருந்தாலும் அந்த பொய் தேவைப்படுது, ஏன்னா முன்னாடி சும்மா இருந்தா சும்மா இருந்தது தான், இப்போ சும்மா இருந்தா அதுக்கு காரணம் சொல்லியாகணும்.

ஆபீஸ் விஷயத்துல இது சட்டம் வரைக்கும் போயிடுச்சு. பிரான்ஸ்ல 2017 ஜனவரி 1ல இருந்து, 50 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்குற கம்பெனிங்க, வேலை நேரம் முடிஞ்சதும் தொடர்புல இல்லாம இருக்கிற உரிமையை பத்தி ஊழியர்கள்கிட்ட பேச்சுவார்த்தை நடத்தியே ஆகணும். ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட் 26ல இருந்து, வேலை நேரத்துக்கு வெளில மேனேஜர் அனுப்புற மெசேஜை படிக்கவோ பதில் சொல்லவோ மறுக்கலாம், அந்த மறுப்பு நியாயமில்லாததா இருந்தா மட்டும் தான் பிரச்சனை. வீட்டுக்கு போனப்புறம் போனை எடுக்காம இருக்க ஒரு பார்லிமென்ட் சட்டம் போட வேண்டியிருக்குன்னா, மாற்றம் புலம்பல் லெவல்ல இல்லன்னு அதுலயே தெரியுது. அதே சமயம் ஒண்ணு சொல்லணும், பல இடத்துல மேனேஜர் ராத்திரி ஒன்பது மணிக்கு அனுப்புறது கெட்ட எண்ணத்துல இல்ல, அவருக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு, மறக்கறதுக்குள்ள அனுப்பிட்டார், அவ்ளோதான். நாளைக்கு காலைல போய் சேர்ற மாதிரி அனுப்புற ஷெட்யூல் வசதி நிறைய ஆப்ல இருக்கு, ஆனா அது நாலு தட்டு தள்ளி உள்ள இருக்கு, செண்ட் பட்டன் கட்டைவிரலுக்கு பக்கத்துலயே இருக்கு. எந்த பட்டன் பக்கத்துல இருக்கோ அதுதான் பழக்கமாகும்.

அடுத்தது தொனி. குரல் இல்லாம எழுத்து மட்டும் போகும்போது என்ன ஆகும்னு ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழு 2005ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. சில வாக்கியங்களை கிண்டலாவும் சீரியஸாவும் அனுப்ப சொன்னாங்க, சிலர் மெயில்ல, சிலர் குரல்ல. எதிராளி சரியா புரிஞ்சுப்பாரான்னு கேட்டதுக்கு அனுப்பினவங்க ரெண்டு வகையிலயும் 78 சதவீதம் புரிஞ்சுப்பாங்கன்னு நம்பிக்கையா சொன்னாங்க. குரல்ல கேட்டவங்க கிட்டத்தட்ட அந்த அளவுக்கு கண்டுபிடிச்சுட்டாங்க, மெயில்ல படிச்சவங்க சரியா சொன்னது 56 சதவீதம், நாணயத்தை சுண்டி விட்டு சொன்னா வர்றதை விட கொஞ்சம் தான் மேல. நமக்கு இதுல இருக்கிற சிக்கல் என்னன்னா எழுதும்போது நம்ம குரல் நம்ம தலைக்குள்ள ஓடுது, எதிராளிக்கும் அதே குரல் கேக்கும்னு நம்புறோம், அவங்களுக்கு கேக்குறது அவங்க அன்னிக்கு இருக்கிற மூடோட குரல்.

இதனால என்ன ஆச்சுன்னா முன்னாடி அர்த்தமே இல்லாத விஷயத்துக்கெல்லாம் அர்த்தம் வந்துடுச்சு. "சரி"ன்னு ஒரு மெசேஜ், "சரி."ன்னு ஒரு மெசேஜ். ரெண்டாவதுல ஒரு புள்ளி. இருபது வயசு ஆளுக்கு அந்த புள்ளி கோவம், அறுபது வயசு ஆளுக்கு அது பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த இலக்கணம். பிங்காம்டன் யூனிவர்சிட்டில செலியா க்ளின் குழு 2015ல இதையே சோதிச்சு பாத்தாங்க, ஒரே பதிலை புள்ளியோட அனுப்பினா மனசார சொல்லாத மாதிரி படிக்கிறவங்க எடுத்துக்கிட்டாங்க, கையால எழுதின துண்டு சீட்டுல அதே புள்ளி எந்த வித்தியாசமும் பண்ணல. "ம்", "ஓகே", "ஓகேங்க", "ஓகேஏஏ" இந்த நாலுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல, ஆனா இளசுங்க எல்லாருக்கும் தெரியும். ஃபேமிலி குரூப்ல பெரியப்பா கட்டைவிரல் தூக்கி போட்டா "பாத்தேன், நன்றி"ன்னு அர்த்தம், அதே கட்டைவிரலை ஆபீஸ் குரூப்ல ஜூனியர் பொண்ணு வாங்கினா "இதுக்கு மேல பேசாதே"ன்னு எடுத்துக்குது. பெரியப்பா ஒருத்தர் இறந்த செய்திக்கும் அதே கட்டைவிரலை போட்டுட்டு, அப்புறம் யாரோ தனியா போன் பண்ணி சொல்லி, அவசர அவசரமா கும்பிடுற கையா மாத்தினதை நீங்களும் பாத்திருப்பீங்க. அவர் மனசுல துக்கம் இல்லாம இல்ல. வரிசையில முதல்ல இருந்த படத்தை தட்டிட்டார்.

இந்த ஓட்டையை அடைக்க தான் சிரிப்பு மூஞ்சியே வந்தது. ஸ்காட் ஃபால்மன்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1982 செப்டம்பர் 19 அன்னிக்கு கார்னகி மெலன் யூனிவர்சிட்டியோட ஆன்லைன் போர்டுல, ஜோக்கை எல்லாரும் சீரியஸா எடுத்து சண்டை போடுறாங்கன்னு, முக்காப்புள்ளி கோடு அடைப்புக்குறி மூணையும் சேத்து ஜோக்குக்கு இதை போடுங்கன்னு எழுதினார். நாப்பது வருஷம் தாண்டியும் அதே சண்டை, அதே மருந்து. போன வேகத்துல இப்போ சிரிப்பு மூஞ்சி இல்லாம அனுப்பினா அதுவே கோவமாயிடுச்சு, "மெயில் கிடைச்சுது"ன்னு ஒரு வரி எழுதி அதுக்கு பின்னாடி ஒரு ஸ்மைலி போடலன்னா கையே வரமாட்டேங்குது.

விசாரிக்கிற பழக்கம் செத்துப் போனதும் இப்படி ஒரு முடிவால தான்னு நான் நினைக்கிறேன், இதை யாரும் அவ்ளோவா கவனிக்கிறதில்ல. ஃபேஸ்புக் 2004ல வந்தப்போ, ஒருத்தர் எப்படி இருக்காருன்னு தெரியணும்னா அவர் பக்கத்துக்கு நீங்களா போய் பாக்கணும். 2006 செப்டம்பர்ல நியூஸ் ஃபீட் வந்துச்சு, அப்புறம் யாரையும் தேடி போக வேணாம், எல்லாரும் என்ன பண்றாங்கன்னு உங்க முன்னாடி வந்து கொட்டும். அன்னிக்கு அதை எதிர்த்து லட்சக்கணக்கான பேர் ஃபேஸ்புக்குக்குள்ளயே இருந்த எதிர்ப்பு குரூப்ல சேந்தாங்க, ஸக்கர்பெர்க் சரியா விளக்காததுக்கு மன்னிப்பு கேட்டு எழுதினார், ஆனா ஃபீட்டை எடுக்கல. இன்னிக்கு ஃபீட் இல்லாத ஆப்பை நினைச்சுக் கூட பாக்க முடியாது.

இதோட விளைவு என்ன? ரொம்ப நாள் கழிச்சு ரெண்டு பேர் நேர்ல பாக்குறாங்க. "பாப்பாவுக்கு பிறந்தநாள் கொண்டாடினோம்"னு ஒருத்தர் ஆரம்பிக்கிறார். "ஆமா ஸ்டேட்டஸ்ல பாத்தேன்"னு மத்தவர். முடிஞ்சுது. அந்த பிறந்தநாள்ல நடந்த கூத்து, வந்தவங்க, வராதவங்க, கேக் கீழ விழுந்தது, ஒண்ணும் வெளில வராது. படத்தை பாத்துட்டதால விஷயம் தெரிஞ்சுடுச்சுன்னு பாத்தவரும் நினைக்கிறார், சொல்லியாச்சுன்னு போட்டவரும் நினைக்கிறார். ஒருத்தரை பத்தி நிறைய தெரிஞ்சு வச்சிருக்கிறதும் அவரோட பழக்கத்துல இருக்கிறதும் ஒண்ணு மாதிரி தெரியுது, அவருக்கு ஏதாவது ஒண்ணுன்னு வரும்போது தான் "நாம பேசி ரெண்டு வருஷம் ஆச்சே"ன்னு உறைக்கும். ஸ்டேட்டஸ்ல கஷ்டத்தை யாரும் போடுறதில்லங்கிறதால, பேசாத வரைக்கும் எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு தான் உங்களுக்கு கணக்கு.

ஃபேஸ்புக்ல லைக் பட்டன் 2009 பிப்ரவரில வந்துச்சு. அதை உருவாக்கின குழுவுல இருந்த ஜஸ்டின் ரோசன்ஸ்டைனே பின்னாடி இந்த மாதிரி வசதிகள் மனுஷனை என்ன பண்ணுதுன்னு வெளிப்படையா விமர்சிச்சவர். லைக்கோட ஆபத்துன்னு எல்லாரும் அடிமையாகுறதை சொல்வாங்க, எனக்கு அதை விட முக்கியமா படுறது, பாராட்டுறதுக்கு ஆகுற உழைப்பு ஏறக்குறைய ஒண்ணுமே இல்லாம ஆயிடுச்சு. உழைப்பு போனதும் அதோட மதிப்பும் போயிடுச்சு, பிறந்தநாள் வாழ்த்து மாதிரி. ஆப்பு ஞாபகப்படுத்தி, ஆப்பே எழுதிக் குடுத்து, நாம தட்டினா போதும்னு வந்த இருநூறு வாழ்த்துல, அன்னிக்கு போன் பண்ணி பேசின ரெண்டு பேர் தான் மனசுல நிக்கிறாங்க.

அதனால போன் கால் ஒரு வினோதமான இடத்துக்கு வந்துடுச்சு. ஒரு பக்கம் அதோட மரியாதை ஏறிடுச்சு, இன்னொரு பக்கம் சொல்லாம கொள்ளாம கூப்பிடுறது அத்துமீறல் மாதிரி ஆயிடுச்சு. "கால் பண்ணலாமா"ன்னு மெசேஜ் போட்டு, "பத்து நிமிஷத்துல"ன்னு பதில் வாங்கி, அப்புறம் தான் கூப்பிடணும். மெசேஜ் இல்லாம நேரா போன் அடிச்சா எடுக்கிற ஆள் ஹலோ சொல்றதில்ல, "என்னாச்சு?"ங்கிறாங்க. ஒண்ணும் ஆகல, சும்மா தான் கூப்பிட்டேன்னு சொன்னா அதை நம்ப வைக்கவே ஒரு நிமிஷம் ஆகுது.

நேர்ல பேசும்போது போனை எடுத்து பாக்குறது பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் சேக்கிறேன். கேக்குறவர் ஒரு தடவை போனை பாத்தாருன்னா, பேசுறவர் தன் கதையை சுருக்கிடுறார். அவர் வேணும்னு பண்றதில்ல. நடுவுல ஒரு கிளைக்கதை சொல்ல வந்திருப்பார், அதை விட்டுட்டு நேரா முடிவுக்கு வந்துடுவார். பல வருஷம் இப்படி சுருக்கி சுருக்கி பழகினா நீளமா ஒரு விஷயத்தை சொல்லவே வராம போயிடும். "தகவல் பெருகினா கவனம் வறுமையாகும்"ங்கிற கருத்தை பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971லயே எழுதிட்டார், அப்போ பெர்சனல் கம்ப்யூட்டரே வரல. குளோரியா மார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் பல வருஷமா ஆபீஸ்ல வேலை பாக்குறவங்களை அளந்து பாத்ததுல, ஒரு ஸ்க்ரீன்ல நிலைச்சு நிக்கிற சராசரி நேரம் 2004ல ரெண்டரை நிமிஷமா இருந்தது, அப்புறம் வந்த அளவுகள்ல 47 செகண்டுக்கு வந்து நிக்குது. முடிவே இல்லாம கீழ ஓடுற ஸ்க்ரோலை 2006ல டிசைன் பண்ண ஏசா ராஸ்கின் அதுக்காக பின்னாடி வருத்தப்பட்டிருக்கார். பேப்பர்ல பக்கம் முடியும், முடிஞ்சா கை தானா நிக்கும், அந்த நிக்கிற இடத்தை எடுத்துட்டாங்க.

இன்னொரு பெரிய மாற்றம், எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல கேட்டுக்கிட்டு இருக்கிறது. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஒரு மாதிரி, அப்பாகிட்ட ஒரு மாதிரி, மேனேஜர்கிட்ட ஒரு மாதிரி பேசுறது போலித்தனம் இல்ல, மனுஷன் எப்பவும் அப்படித்தான் வாழ்ந்திருக்கான். டானா பாய்ட் மாதிரி ஆராய்ச்சியாளர்கள், இந்த வட்டங்களுக்கு நடுவுல இருந்த சுவர் எல்லாம் இடிஞ்சு போறதை பத்தி ரொம்ப நாளாவே எழுதுறாங்க. ஒரு போட்டோ போட்டா அதை அத்தையும் பாப்பாங்க, எச்ஆரும் பாப்பாங்க, பழைய காதலியும் பாப்பாங்க, பத்து வருஷம் கழிச்சு உங்க பையனும் பாப்பான். எல்லாருக்கும் ஒத்து வர்ற மாதிரி போடணும்னா ஒண்ணுமே சொல்லாத மாதிரி தான் போட முடியும், அதனால தான் சுற்றுலா, சாப்பாடு, சூரிய அஸ்தமனம். உண்மையான பேச்சு எல்லாம் சின்ன சின்ன ரூமுக்குள்ள ஓடிடுச்சு, ஒரு நாள்ல மறையுற ஸ்டோரி, குறிப்பிட்ட சில பேருக்கு மட்டும் தெரியுற லிஸ்ட், வேற பேர்ல ரெண்டாவது அக்கவுன்ட்.

குரூப்புக்குள்ள குரூப் பிறக்கிறதும் அதே கதை தான். எட்டு பேர் இருக்கிற கசின்ஸ் குரூப். ஒருத்தனுக்கு பிறந்தநாள், சர்ப்ரைஸ் பண்ணணும்னு அவன் இல்லாம ஏழு பேரை வச்சு ஒரு குரூப் ஆரம்பிக்கிறாங்க. பார்ட்டி முடியுது, குரூப்பை யாரும் கலைக்கல. அடுத்த வாரம் யாரோ அதுல ஒரு ஜோக் போடுறாங்க, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல, மேல அதுதான் இருந்துச்சு அதுல போட்டுட்டாங்க. மூணு மாசத்துல பேச்சு முழுக்க அங்க, எட்டு பேர் குரூப்ல காலை வணக்கம் மட்டும். அந்த எட்டாவது ஆளு "என்னடா எல்லாரும் பிஸியாயிட்டீங்களா"ன்னு கேப்பான், ஏழு பேருக்கும் தொண்டையில முள்ளு சிக்கின மாதிரி இருக்கும், யார் சொல்றது? முன்னாடியும் ஆளை ஒதுக்குறது உண்டு, ஆனா அதுக்கு யாராவது ஒருத்தர் மனசறிஞ்சு பண்ணணும். யாருமே பண்ணாம ஒருத்தன் ஒதுக்கப்படுறது புதுசு.

சரி, பட்டனும் செட்டிங்கும் தான் காரணம்னா மனுஷன் மேல தப்பே இல்லையான்னு கேப்பீங்க. ஃபார்வர்ட் விஷயத்தை பாருங்க. அமெரிக்காவோட எம்ஐடி யூனிவர்சிட்டில சோரோஷ் வோசோகி, டெப் ராய், சினான் ஆரல் மூணு பேரும் ட்விட்டர்ல 2006ல இருந்து 2017 வரைக்கும் பரவின செய்திகளை அலசி 2018ல வெளியிட்டாங்க. பொய் செய்தி ரீட்வீட் ஆக வாய்ப்பு உண்மைச் செய்தியை விட 70 சதவீதம் அதிகம், 1,500 பேரை போய் சேர உண்மைக்கு சுமார் ஆறு மடங்கு நேரம் ஆச்சு. அதுக்கு தானா ட்வீட் போடுற "பாட்" ப்ரோகிராமுங்க காரணமில்ல, மனுஷங்க தான்னும் அதே ஆராய்ச்சில வந்துச்சு, பொய் புதுசா சுவாரசியமா இருக்கு, அதனால பரப்புறோம். ஆக மனுஷன் மேல தப்பு கண்டிப்பா இருக்கு.

ஆனா அடுத்தது என்ன நடந்துச்சுன்னும் பாருங்க. வாட்ஸ்அப் வதந்தியால இந்தியாவுல கொலை வரைக்கும் போனதுக்கு அப்புறம் 2018ல இங்க ஒரு நேரத்துல 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு ஆக்கினாங்க, 2019 ஜனவரில உலகம் முழுக்க அதே எண்ணிக்கை. 2020 ஏப்ரல்ல, ஏற்கனவே பல கை மாறி வந்த மெசேஜ்னா ஒரு நேரத்துல ஒரே ஒரு சாட்டுக்கு தான்னு இறுக்கினாங்க. அந்த மாதிரி மெசேஜ் பரவுறது 70 சதவீதம் குறைஞ்சுதுன்னு கம்பெனியே சொல்லுச்சு. யாரும் அதுக்குள்ள திருந்திடல, யாருக்கும் பகுத்தறிவு பாடம் எடுக்கல, இன்னும் அனுப்பணும்னா ஒவ்வொண்ணா அனுப்பலாம், தடையும் இல்ல. நடுவுல ஒரு சின்ன சிரமத்தை வச்சாங்க, கை ஓஞ்சு போச்சு. "மக்கள் கெட்டுப் போயிட்டாங்க"ன்னு பேசுறவங்ககிட்ட நான் எப்பவும் சொல்ற உதாரணம் இதுதான்.

இப்போ மனநலம். இதுல ரெண்டு பக்கமும் சத்தம் அதிகம், அதனால சுருக்கமா. ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2019ல மூணு லட்சத்துக்கு மேற்பட்ட டீனேஜ் பசங்களோட தரவுகளை வச்சு பாத்ததுல, பசங்களுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் நல்வாழ்வுல இருக்கிற வித்தியாசத்துல டிஜிட்டல் பயன்பாடு விளக்குறது அதிகபட்சம் 0.4 சதவீதம் தான்னு வந்துச்சு. ஹன்ட் ஆல்காட் குழு 2018ல அமெரிக்கால தேர்தலுக்கு முன்னாடி ஒரு குழுவை நாலு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்த வச்சு பாத்தாங்க, ஒரு நாளைக்கு சுமார் ஒரு மணி நேரம் மிச்சமாச்சு, அதுல ஒரு பகுதி குடும்பத்தோடவும் நண்பர்களோடவும் போச்சு, மனநிலை கொஞ்சம் மேல வந்துச்சு, செய்தி அறிவு குறைஞ்சுது, அரசியல் வெறி குறைஞ்சுது, சோதனை முடிஞ்சப்புறமும் நிறைய பேர் முன்ன மாதிரி அவ்ளோ பயன்படுத்தல. ஆக, போன் மூளையை அழிச்சுடுச்சுன்னு சொல்ற அளவுக்கும் இல்ல, ஒண்ணுமே இல்லன்னு சொல்ற அளவுக்கும் இல்ல. சராசரின்னு ஒண்ணு இருக்கே, அது ஆயிரம் பேருக்கு நல்லது நடந்து பத்து பேரு உடைஞ்சு போனதையும் "பெருசா ஒண்ணும் இல்ல"ன்னு தான் காட்டும். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10ல இருந்து 16 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு சோஷியல் மீடியா அக்கவுன்ட் கூடாதுன்னு ஆக்கினது எனக்கு முழுசா ஒப்பில்ல, பிரச்சனை வயசுல மட்டும் இருக்கிற மாதிரியும் பதினாறு முடிஞ்ச மறுநாள் எல்லாம் சரியாயிடுற மாதிரியும் அது பேசுது, ஸ்க்ரோலும் நோட்டிஃபிகேஷனும் அப்படியே இருக்கு.

இவ்ளோ குறை சொல்லிட்டு நல்லதை சொல்லாம போனா அது அநியாயம். காது கேக்காதவங்களுக்கு டெலிபோன் ரொம்ப காலம் பெருசா உபயோகம் இல்லாத பொருளா இருந்துச்சு, எஸ்எம்எஸ் வந்து எழுதி பேச முடிஞ்சுது, அப்புறம் வீடியோ கால் வந்து சைகை மொழில தூரத்துல இருக்கிறவங்களோட நேரடியா பேச முடிஞ்சுது. யாருக்கும் பேர் கூட தெரியாத நோய் வந்தவங்க, அதே நோய் இருக்கிற இன்னும் நாப்பது பேரை கண்டுபிடிச்சு "உனக்கும் அப்படி வலிக்குமா"ன்னு கேக்க முடியுது. கூச்சத்துல நாலு பேர் முன்னாடி வாயே திறக்காத ஆள் எழுத்துல வெளுத்து வாங்குறான். சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973லயே சொன்ன ஒரு விஷயம் உண்டு, வேலை மாதிரி புது வாய்ப்பு நெருங்கின நண்பர்களை விட அரைகுறையா தெரிஞ்சவங்க மூலமா தான் அதிகம் வருதுன்னு, ஏன்னா நெருங்கினவங்களுக்கு தெரிஞ்சது எல்லாம் நமக்கும் தெரியும். அந்த அரைகுறை பழக்கத்தை வருஷக்கணக்குல அறுந்து போகாம வச்சிருக்க இதை விட நல்ல கருவி இது வரைக்கும் வந்ததில்ல. அமெரிக்கால 2017ல சந்திச்சு ஜோடியான ஆண்-பெண் ஜோடிகள்ல சுமார் 39 சதவீதம் பேர் ஆன்லைன்ல சந்திச்சவங்கன்னு மைக்கேல் ரோசன்ஃபெல்ட் ஆராய்ச்சி சொல்லுது, நண்பர்கள் மூலமா சந்திக்கிறதை அது தாண்டிடுச்சு. நல்லதா கெட்டதான்னு கேட்டா, அறிமுகம் பண்ணி வைக்க ஆள் இல்லாதவங்களுக்கு ரொம்ப நல்லது.

கடைசியா என்ன பண்ணலாம்னு கேப்பீங்க. போனை தூக்கி எறின்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி சொல்றவங்க அதையும் போஸ்ட் போட்டு தான் சொல்றாங்க. டீஃபால்ட்டா வந்ததை ஒரு தடவை உக்காந்து மாத்துங்க, அரை மணி நேரம் கூட ஆகாது. மனுஷங்க அனுப்புற நோட்டிஃபிகேஷனை மட்டும் வச்சுட்டு ஆப்புங்க தானா அனுப்புறதை எல்லாம் அணைச்சுடுங்க. லாஸ்ட் சீனை மறைங்க. நெருக்கமானவங்க நாலஞ்சு பேர்கிட்ட வாய்விட்டே சொல்லிடுங்க, "நான் பாத்துட்டு பதில் போடலன்னா கோவம் இல்ல, அவசரம்னா ரெண்டு தடவை கூப்பிடு"ன்னு. இந்த ஒரு வரி நீல டிக்கு பண்ற பாதி சேதத்தை சரி பண்ணிடும், எந்த செட்டிங்கும் பண்ணாததை இது பண்ணும். நீல டிக்கையும் ஆஃப் பண்ணலாம், ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. நீங்க ஆஃப் பண்ணா மத்தவங்க படிச்சாங்களான்னு உங்களுக்கும் தெரியாது. அப்புறம் அது குரூப்புக்கு செல்லாது, குரூப்ல நீங்க படிச்சது மெசேஜ் இன்ஃபோல போய் பாக்குற ஆளுக்கு எப்பவும் தெரியும், அதனால கசின்ஸ் குரூப்ல "இப்பதான் பாத்தேன்"னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சுக்கோங்க.